நிகோட்டின் சூயிங்கம்: ஆறு வாரம் மென்ற பிறகு

சிகரெட்டை விடுவதற்காக வாங்கிய சூயிங்கம் இது. மிண்ட் சுவை என்று போட்டிருக்கிறது. வாயில் போட்டால் மிளகுக் காரம். முதல் நாள் சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்று தொலைத்தேன். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் ஏறும்வரை மென்று, கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். காபி குடித்தால் கால்மணி நேரம் பொறுக்க வேண்டும். எழுந்த அரைமணிக்குள் சிகரெட் பற்றவைப்பவனுக்கு 4 மில்லிகிராம்தான் சரி; நான் கௌரவம் பார்த்து 2 வாங்கி ஒரு வாரம் அவதிப்பட்டேன்.

2012-ல் ஆஸ்திரேலியா சட்டம் போட்டு, எல்லா சிகரெட் பெட்டிக்கும் ஒரே மங்கிய நிறம் என்று நிறத்தையே பறித்தபோது, ‘என் நுரையீரல், என் இஷ்டம்’ என்று கத்தியவன் நான். பொது இடத் தடை சரி, அது அடுத்தவர் மூச்சு. பெட்டியின் நிறத்தில் அரசுக்கு என்ன வேலை என்று இன்னமும் கேட்பேன். ஆனால் விடிகாலை ஐந்துக்கு என்னை உலுக்கி எழுப்பியது எந்த அரசும் அல்ல.

அட்டையைப் பிதுக்குவதற்குள் நகம் போய்விடுகிறது. என் மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை.