மெட்டியும் கம்ப்ரஷன் சாக்ஸும்: மூன்று வருஷ அனுபவம்

மகளைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை சிகாகோ போய் வருகிறேன். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் பத்து மணி நேரம், அங்கிருந்து இன்னொரு ஒன்பது மணி நேரம். முதல் தடவை போய் இறங்கியபோது கால் செருப்புக்குள் நுழையவில்லை. கணுக்கால் எலும்பே தெரியாத அளவுக்கு வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

மறு வருஷம் கம்ப்ரஷன் சாக்ஸ் வாங்கினேன், அதாவது முழங்கால் வரை காலை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ். கடைக்காரர் செருப்பு சைஸ் கேட்டு 'மீடியம்' எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தத் தவற்றை நீங்கள் செய்துவிடாதீர்கள். நாகர்கோவில் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டுவதற்குள் மேல் பட்டி சுருண்டு இறங்கி, கெண்டைக்காலில் கயிறு கட்டியது போல இறுக்கியது. அப்படிச் சுருண்டால் மேலே ஏற வேண்டிய ரத்தத்தையே அது தடுக்கும். போடாமல் இருப்பதே மேல்.

பிறகு இன்ச் டேப்போடு உட்கார்ந்தேன். காலையில் எழுந்ததும், வீக்கம் இல்லாத நேரத்தில் அளக்க வேண்டும். கணுக்காலின் ஒல்லியான இடம் 22 செ.மீ., கெண்டைக்காலின் பருத்த இடம் 40. பாக்கெட்டில் இருந்த அளவுப் பட்டியலில் பார்த்தால் நான் 'லார்ஜ்'! அதையே வாங்கினேன், 1,150 ரூபாய். அழுத்தம் 15-20 எம்.எம்.ஹெச்.ஜி. (ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகு). கணுக்காலில் அதிகமாகப் பிடித்து, மேலே போகப் போகத் தளரும்படி நெய்திருப்பார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்தே இருந்தால் அந்த வேலை நின்றுவிடுகிறது. சாக்ஸ் அதற்குத்தான் கைகொடுக்கிறது.

வீக்கத்தோடு போகிற விஷயமும் இல்லை இது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாமே இதில் சேர்த்தி. அதனால் சாக்ஸ் போட்டிருந்தாலும் எழுந்து நடக்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன்.

போடுவதுதான் கொஞ்சம் பாடு. குதிகால் வரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி வழுக்காது. கொலுசைக் கழற்றிவிடலாம், மெட்டியை எப்படிக் கழற்றுவது? முதல் ஜோடியில் மெட்டி மாட்டி நூல் இழுத்துக்கொண்டது. இப்போது விரல் திறந்த மாடல்தான். செருப்புக்கும் அதுவே தோது.

எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு ஜோடி வாங்க நினைத்தேன். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை இருப்பவர். டாக்டர் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, காலுக்கு வரும் ரத்த ஓட்டமே குறைவு, போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சர்க்கரை உள்ளவர்கள் கேட்காமல் வாங்காதீர்கள், தயவுசெய்து.

பயணம் முடிந்ததும் கையால் அலசி, பிழியாமல், நிழலில் உலர்த்துகிறேன். அப்படியும் இரண்டாவது வருஷக் கடைசியில் சாதாரண சாக்ஸ் மாதிரி சுலபமாக ஏறத் தொடங்கியது. இலாஸ்டிக் போய்விட்டது என்று புரிந்தது. புதிதாக ஒன்று வாங்கினேன். அதற்கு முன்னால் மறுபடியும் காலையில் அளந்தேன். கெண்டைக்கால் 39 ஆகியிருந்தது.