கும்பகோணத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மெடிக்கல் வார்டு: சிஸ்டர்களுக்கு 5 ஸ்டார், ராத்திரி கவனிப்புக்கு 2 ஸ்டார்

அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர், கூடவே சுகர். மூச்சு வாங்குதுன்னு இங்க சேத்தோம், ஆஸ்பத்திரி பேரு வேணாம். டாக்டர் நல்லவருதான், காலைல வந்து ரெண்டு நிமிஷம் பாத்துட்டு போயிடுவாரு. நான் சொல்ல வந்தது சிஸ்டர்களப் பத்தி.

டாக்டர் ஃபைல்ல நோய் பேரு இருக்கும், சிஸ்டர்ங்க தனியா ஒரு ஷீட் வச்சிருக்காங்க, நர்சிங் டயக்னோசிஸாம், அதாவது நோயால ஆளுக்கு என்னென்ன தொந்தரவு இருக்கு, என்ன வரலாம்னு சிஸ்டர்ங்க எழுதறது. ஒடம்புல நீர் கோத்திருக்கு, நாலடி நடந்தா எளைக்குது, கீழ விழ வாய்ப்பிருக்கு, படுக்கைப்புண் வரலாம், தூக்கம் கெட்டிருக்குன்னு வரிசையா. பக்கத்து பெட் நிமோனியா தாத்தாவுக்கு சளிய வெளிய துப்ப முடியலங்கறது மொத லைன், கீழ விழற லைன் அவருக்கும் உண்டு.

எழுதறதோட விடல. தெனம் காலைல பாத்ரூம் போயிட்டு வந்ததும் காப்பிக்கு முன்னாடி எடை, அதுவும் ஒரே மெஷின்ல. குடிச்ச தண்ணி, போன யூரின் ரெண்டுக்கும் கணக்கு. கால்ல கட்டைவிரல வச்சு அமுக்கி குழி விழுதான்னு பாப்பாங்க. ஒரு சின்னப் பொண்ணு அப்பாவ ஒருக்களிச்சு படுக்க வச்சு, இடுப்புக்குக் கீழ செவந்த எடத்துல விரல வச்சு எடுத்துச்சு, வெளுக்கவே இல்ல. "அண்ணே, இது புண்ணுக்கு ஆரம்பம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைங்க, ரப்பர் வளையமெல்லாம் வாங்கியாந்துடாதீங்க, தேய்ச்சும் விடாதீங்க"ன்னுச்சு. அத்தை அதுக்குள்ள வெளக்கெண்ணெய் பாட்டில தொறந்துட்டாங்க!

கொறை ராத்திரிதான். மொத்த வார்டுக்கும் ரெண்டே சிஸ்டர், பெல் அடிச்சா வர நேரமாவுது. கீழ விழுவாருன்னு கைல மஞ்சப் பட்டை கட்டிட்டு, நீர் பிரியற மாத்திரைய சாயங்காலம் லேட்டா குடுத்தா மனுஷன் ராத்திரி பூரா எந்திரிச்சுதானே ஆவணும்? கேட்டப்புறம் டாக்டர்கிட்ட பேசி மதியத்துக்கு மாத்துனாங்க. அந்த ஷீட்டும் இங்கிலீஷ்ல கெடக்கு, ராத்திரி திருப்பிப் போடறது நாமதானே, தமிழ்ல நாலு வரி பெட்டுக்கிட்ட ஒட்டலாம்ல.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு பொறுமையா உக்காந்து சொன்னாங்க, ரெண்டு மூணு நாள்ல 2 கிலோ ஏறினா ஒடனே வந்துடணும், நார்த்தங்கா ஊறுகா, அப்பளம், கருவாடு கூடாது. அப்பா மொகத்த பாக்கணுமே. குறுவை நடவு நேரத்துல எங்களுக்கு ஆளு கெடைக்காம திண்டாட்டமாப் போச்சு, அதனால சேக்கறதா இருந்தா ராத்திரிக்கு மாத்தி மாத்தி இருக்க ரெண்டு பேர கூட்டிட்டுப் போங்க, கேன்டீன் தோசைய மட்டும் நம்பாதீங்க.