ஊசியா, ஆபரேஷனா, சாப்பாடா? 30 கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டியவர்களுக்கு

என் தம்பி 128 கிலோ இருந்தான். வீட்டு எடை மெஷினில் முள் 120-க்கு மேல் போகாது. அதனால் தெரிந்தவர் அரிசி மண்டியில், மூட்டை வைக்கும் தராசில் ஏறி நின்றுதான் அந்த எண்ணையே தெரிந்துகொண்டோம். உயரம் 170 செ.மீ., பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 44. சர்க்கரையும் பிரஷரும் இருந்தன. ராத்திரி குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும். 2023-ல் இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டான். 2025-ல் எடைக்கான ஊசிகள் நம் மருந்துக்கடைகளுக்கு வந்ததிலிருந்து, விசேஷ வீடுகளில் அவனைப் பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "வாரம் ஒரு ஊசியில் முடிஞ்சிருக்குமே, அவசரப்பட்டு வயித்த வெட்டிக்கிட்டானே?"

நான் டாக்டர் இல்லை. அவனோடு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் காத்துக் கிடந்து, கிடைத்ததையெல்லாம் படித்த அக்கா. எடை குறைப்பு என்றால் எல்லோரும் முதல் ஆறு மாதத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள். முதல் ஆறு மாதத்தில் எல்லா வழியும் வேலை செய்யும். மூன்றாவது வருடம் எது எப்படி நிற்கிறது, அதற்கு நாம் என்ன விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில் சாப்பாடு. தம்பி ஆபரேஷனுக்கு முன்னால் பேலியோ (மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் முறை) இருந்தான். காலையில் 100 பாதாம், மதியம் முட்டை, இரவு சிக்கன். நாலு மாதத்தில் 14 கிலோ இறங்கியது. அடுத்த எட்டு மாதத்தில் 17 கிலோ ஏறியது. அவன் மனவுறுதி இல்லாதவன் என்று வீட்டிலேயே பேசினார்கள். அது தப்பு. எடை இறங்கியதும் உடம்பு பசியைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. அமெரிக்க டி.வி. போட்டி ஒன்றில் தலைக்குச் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். 2016-ல் வெளியான ஆய்வு அது. சராசரியாக 41 கிலோ திரும்பியிருந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் உடம்பு ஓய்வில் எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 குறைவாகவே இருந்தது. ஆறு வருடம் கழித்தும்!

பேலியோவா, கொழுப்பு குறைந்த சாப்பாடா என்ற சண்டைக்கு ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வே போதும். ஒரு வருடத்தில் மாவுச்சத்து குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பு குறைத்தவர்கள் 5.3 கிலோ இறங்கினார்கள். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கும் விரதமும் அப்படித்தான். மொத்தக் கலோரி ஒன்றாக இருந்தால் அது தனியாக எதையும் கூட்டித் தருவதில்லை. உங்களால் பல வருடம் சாப்பிட முடிகிற சாப்பாடு எதுவோ, அதுதான் உங்களுக்கானது.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, யாரும் எங்களிடம் சொல்லவில்லை. தம்பி டாக்டரைக் கேட்காமல்தான் பேலியோ தொடங்கினான். காலையில் போடும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு, இட்லியை மட்டும் நிறுத்தினான். ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டில் கை நடுங்கி, சட்டை முழுக்க வியர்த்து, பேச்சு குழறி உட்கார்ந்துவிட்டான். டீக்கடைக்காரர் புரிந்துகொண்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தான். இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைப் பெரிதாகக் குறைப்பதற்கு முன்னாலேயே டாக்டரிடம் மருந்தளவை மாற்றிக்கொள்ள வேண்டும். பிரஷர் மாத்திரைக்கும் இது பொருந்தும்.

சாப்பாட்டு வழியிலேயே கடுமையான ஒன்றும் உண்டு. பிரிட்டனில் டைரெக்ட் என்ற ஆய்வில், சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு 3 முதல் 5 மாதம் வழக்கமான சாப்பாடே இல்லாமல், தினம் 825 முதல் 853 கலோரி உள்ள பானங்கள் மட்டும் கொடுத்தார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை முதல் நாளே நிறுத்திவிட்டு, கண்காணிப்பில் வைத்துத்தான் செய்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இரண்டாம் வருடம் அது 36 சதவீதம். புதிதாகச் சர்க்கரை வந்தவர்களுக்கு இது அருமையான வழி. ஆனால் மேற்பார்வை இல்லாமல் பவுடர் டப்பாவை மட்டும் வாங்கிச் செய்யாதீர்கள். வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் வரும், முடி கொட்டும், தசையும் கரையும்.

இனி ஊசி. இதை லேசாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பசி என்பது ஹார்மோன் விஷயம் என்பதை மருந்தாகவே காட்டியது இதுதான். செமாகுளுடைடு என்ற ஊசி மருந்து, வாரம் 2.4 மி.கி. அளவில், 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசி மருந்து அதிகபட்ச அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். என் தம்பியின் 128 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முறையே 19 கிலோ, 27 கிலோ. வெறும் சாப்பாட்டிலும் நடையிலும், நல்ல ஆலோசகர்கள் கூடவே இருந்த பெரிய ஆய்வில்கூட முதல் வருடம் கிடைத்தது 8.6 சதவீதம், அதாவது 11 கிலோ.

ஆனால் நிறுத்தினால்? செமாகுளுடைடை நிறுத்தி ஒரு வருடத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆக இது பிரஷர் மாத்திரை மாதிரி தொடர வேண்டிய மருந்து. "கல்யாணம் வரை போட்டுட்டு நிறுத்திக்கலாம்" என்று தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. 2025 மார்ச்சில் டிர்செபடைடு, மவுஞ்சாரோ என்ற பெயரில் இங்கே வந்தபோது 5 மி.கி. குப்பி ஒன்று 4,375 ரூபாய், மாதம் நாலு குப்பி. கையிலிருக்கும் பணம் எத்தனை வருடம் தாங்கும் என்பதும் மருத்துவக் கேள்விதான். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். அளவை மெல்ல ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். கணையத்தில் அழற்சி வந்தவர்கள் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தனக்கோ குடும்பத்திலோ மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இது கூடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும்.

ஆபரேஷன் என்றதும் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள் என்று நினைக்கிறார்கள். அது வேறு. தம்பிக்குச் செய்தது கேஸ்ட்ரிக் பைபாஸ். இரைப்பையின் மேல்பக்கம் சிறு பை மாதிரி ஒன்றைப் பிரித்து, நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். இன்னொன்று ஸ்லீவ், இரைப்பையில் முக்கால் பங்கை நீளவாக்கில் எடுத்துவிடுவார்கள். செய்வதற்கு எளிது, ஆனால் நெஞ்செரிச்சல் ஏற்கெனவே இருந்தால் மோசமாகலாம். தம்பிக்கு அது இருந்ததால்தான் டாக்டர் பைபாஸ் என்றார்.

நான் சாய்வது இந்தப் பக்கம். காரணம் ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வு. பைபாஸ் செய்தவர்கள் 15 வருடம் கழித்தும் பழைய எடையைவிட 27 சதவீதம் குறைவாகவே இருந்தார்கள். ஆபரேஷன் செய்யாதவர்கள் எடை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. வெவ்வேறு ஆபரேஷன்களையும் சேர்த்துப் பார்த்தால், செய்துகொண்டவர்களிடம் சாவும் குறைவு. ஊசிகளுக்கு இவ்வளவு நீண்ட கணக்கு இன்னும் சேரவில்லை.

விலை என்ன? முதல் சில வாரம் திரவம், பிறகு மசித்தது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுசுக்கும். வாந்தி நிற்காமல் போனால் தையமின் (வைட்டமின் பி1) குறைந்து மூளையைத் தாக்கும். "சரியாகிவிடும்" என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று ஏறும், அடிமையாகும் அபாயமும் கூடும். குடிக்கிறவர்கள் இதை மறைக்காமல் பேசிவிட வேண்டும். பெண்கள் ஒரு வருடத்துக்கு மேல் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கசிவு, ரத்தக்கட்டு மாதிரியான ஆபத்துகள் குறைவுதான், ஆனால் உண்டு. இதை மாதம் ஒன்றிரண்டு செய்யும் இடத்தைவிட, அன்றாடம் செய்யும் குழுவிடம் போங்கள்.

ஆசியர்களுக்குப் பி.எம்.ஐ. 27.5-லிருந்தே ஆபரேஷனைப் பேசலாம் என்கிறது 2022-ன் சர்வதேச வழிகாட்டி. எனக்கு அவ்வளவு தூரம் மனசு போகவில்லை. 15 கிலோ குறைக்க வேண்டியவர் சாப்பாட்டில் தொடங்கட்டும், சர்க்கரை இருந்தால் ஊசியைக் கேட்கட்டும். 40-க்கு மேல் பி.எம்.ஐ., கூடவே சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நிற்பது என்றால் ஆபரேஷனைக் கடைசி வழி என்று தள்ளித் தள்ளி, முட்டியும் கிட்னியும் போன பிறகு போகாதீர்கள்.

எந்த வழியானாலும் அடுக்களை மாறியாக வேண்டும். நாங்கள் நாலு பேர், மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கினோம். கணக்குப் போட்டேன்: தலைக்கு நாளுக்குக் கிட்டத்தட்ட 345 கலோரி, எண்ணெயில் மட்டும். அம்மா அதை மூன்று லிட்டராக்கியதில் தினம் 138 கலோரி குறைந்தது; சாம்பாரின் ருசியில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தட்டில் முதலில் முட்டையோ சுண்டலோ மீனோ, பிறகு காய், கடைசியில்தான் சோறு. இறங்கும் எடையில் கால் பங்குவரை தசையாகவும் போகலாம் என்பதால் புரதத்தோடு, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் தினம் உண்டு. 128 கிலோவில் நடைப்பயிற்சி என்று முட்டியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தம்பி அந்த நாற்காலிப் பயிற்சியில்தான் ஆரம்பித்தான்.

தம்பி அதிகபட்சம் 85 வரை இறங்கினான். இப்போது 91. ஏறிய ஆறு கிலோவுக்கு அவன் வருந்தினான். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது வழக்கம்தான் என்றார் டாக்டர். இனியும் ஏறினால் ஊசியைச் சேர்த்துப் பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஊசியா ஆபரேஷனா என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு, இரண்டும் ஒருவருக்கே தேவைப்படலாம் என்பதைப் புரியவைக்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை மண்டிக்குப் போய் அதே தராசில் நிற்கிறான். வீட்டு மெஷினிலேயே இப்போது முள் நிற்குமே என்றேன். "இல்லக்கா, தொடங்குன இடத்துலயே பாத்துக்கறேன்" என்றான்.