நிக்கோன் டி90: கலியாண வீடுகளில் இருந்து வந்த கமரா

யாழ்ப்பாணத்தில் பாவித்த கமரா தேடுபவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே வாய்க்கின்றன. விடுமுறைக்கு ஊர் வரும் வெளிநாட்டு உறவினர் தம் அலுமாரியில் தூங்கிக் கிடந்ததைக் கொண்டுவந்து கொடுப்பது ஒன்று. கலியாண வீடுகளிலும் பூப்புனித நீராட்டு விழாக்களிலும் படம் எடுப்போர் புதியதற்கு மாறும்போது பழையதைக் கைமாற்றி விடுவது மற்றொன்று. கமரா கொண்டுவந்து தரக்கூடிய மாமன்மார் எனக்கு இல்லாதபடியால், இரண்டாவது வழியில் நிக்கோன் டி90 கமராவையும் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8டி வில்லையையும் சேர்த்து ஐம்பதாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக வாங்கினேன். வேலை ஓய்ந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓராண்டுக்கு மேல் பாவித்துப் பார்த்த பின்னரே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

டி90 வெளிவந்தது 2008ஆம் ஆண்டு. காணொளி பதியக்கூடிய முதலாவது டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, வில்லையைக் கழற்றி மாற்றக்கூடிய கமரா) என்ற பெயர் அதற்கு உண்டு. ஆனால் பதியும்போது குவியத்தைக் கையாலேயே திருப்ப வேண்டும் என்பதாலும், உயர்தரக் காணொளி ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்தோடு நின்றுவிடும் என்பதாலும், இன்று அதற்காக இதை எவரும் வாங்க வேண்டியதில்லை. படத்துக்கு 12.3 மெகாபிக்சல். கைப்பேசியில் இதைவிடப் பல மடங்கு பெரிய எண்ணைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். 4288 க்கு 2848 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால் பதினான்கு அங்குலத்துக்கு மேல் அகலம் வரும். என் வீட்டுச் சுவரில் இதுவரை ஏறிய மிகப் பெரிய படம் பன்னிரண்டுக்கு எட்டு அங்குலம்தான்.

வாங்கப் போன நாளில், படத்தோடு சேர்ந்து பதிவாகும் தகவலைக் கணினியில் திறந்து, ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்று பார்த்தேன்: அறுபத்தோராயிரத்தைத் தாண்டியிருந்தது. இந்த ஷட்டர் ஓர் இலட்சம் முறை இயக்கிச் சோதிக்கப்பட்டது என்று நிறுவனம் சொல்கிறது. என் முகம் போன போக்கைக் கண்ட விற்பவர், "தம்பி, எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பிடாதேங்கோ. ஓடின கமரா பழுதாகாது, பூட்டி வைச்ச கமராதான் பழுதாகும்" என்றார். அது பாதி உண்மை. ஷட்டர் ஓட ஓடத் தேயும் என்பதையும், இந்த விலைக் கமராவுக்குப் புதிய ஷட்டர் போடுவது கட்டுபடியாகாது என்பதையும் அவர் சொல்லாமல் விட்டார். ஆனால் மற்றப் பாதி எங்கள் ஊருக்கு மிகவும் பொருந்தும். மூன்று பக்கமும் உப்புக் காற்று வீசும் குடாநாட்டில், அதுவும் கார்த்திகை, மார்கழி மழையில், இருட்டுப் பையில் கிடக்கும் வில்லைக்குப் பூஞ்சணம் பிடிக்க அதிக காலம் தேவையில்லை. ஆகவே எண்ணிக்கை பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தைவிட அதிக நேரத்தை வில்லை பார்ப்பதற்குச் செலவிடும்படி, வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்வேன். கமராவிலிருந்து கழற்றி, ஒளி புகும் துளையின் அளவை மாற்றும் வளையத்தை, துளை முழுதாகத் திறக்கும் 1.8 க்குத் திருப்பி, பின்பக்கமிருந்து கைப்பேசியின் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சினால், சிலந்தி நூல் போன்ற இழைகள் இருந்தால் தெரிந்துவிடும். சில தூசுத் துகள்கள் இருப்பதால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. இழை இருந்தால் விலையைப் பேச வேண்டாம், எழும்பி வந்துவிட வேண்டும்.

அப்படிச் சோதித்த உற்சாகத்தில் வளையத்தைத் திரும்ப, துளை மிகச் சிறிதாகும் 22 க்குக் கொண்டுவராமல் வில்லையைப் பூட்டிவிட்டேன். மேல்திரையில் எஃப்இஇ என்ற மூன்று எழுத்துகள் தோன்றின. பொத்தானை எவ்வளவு அழுத்தியும் படம் எடுபடவில்லை. ஏமாந்துவிட்டேன் என்றே எண்ணினேன். விற்பவர் ஒன்றும் பேசாமல் வளையத்தை 22 இல் வைத்துப் பூட்டிக் கொடுத்தார். பழைய டி வகை வில்லைகளில் துளையின் அளவைக் கமராவே தீர்மானிக்க வேண்டுமானால் வளையம் கடைசி எண்ணில் நிற்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இந்த வில்லையைப் பற்றி இன்னொன்று. இதற்குள் மோட்டார் இல்லை. கமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் குவியத்தைத் திருப்புகிறது. டி90 இலும் அதற்கு அடுத்து வந்த டி7000 இலும் அந்த மோட்டார் உண்டு. டி3100, டி5100 போன்றவற்றில் இல்லை. இதை அறியாமல் மலிவான உடலையும் மலிவான வில்லையையும் தனித்தனியே வாங்கிவிட்டு, குவியம் இயங்கவில்லையே என்று தலையில் கைவைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர் இருக்கிறார்கள்.

பாவனையில், வெயிலில் நின்று படமெடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதன் முதல் நன்மை, கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தக் கண்ணாடிச் சாளரம். நண்பகலில் பண்ணைப் பாலத்தில் நின்றால் கைப்பேசித் திரையில் என் முகம்தான் தெரியும். இதிலோ வீச்சுவலையை எறிபவரின் கை எப்போது விரிகிறது என்பதைத் துல்லியமாகக் காணலாம். ஆனால் சாளரம் காட்டுவது படத்தின் 96 வீதத்தைத்தான் என்பதால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்கம்பமோ சைக்கிள் கைபிடியோ ஓரத்தில் வந்து குந்திக்கொள்ளும். அதே நண்பகலில் 1.8 துளையைப் பாவிக்கவும் முடியாது. ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 200 இல் எங்கள் வெயிலுக்கு அந்த அகன்ற துளை கேட்கும் ஷட்டர் வேகம் பதினாறாயிரத்தில் ஒரு செக்கனை எட்டும். டி90 இன் உச்ச வேகமோ நாலாயிரத்தில் ஒன்று. நான் 4 அல்லது 5.6 இல் வைத்து எடுக்கிறேன். பின்புறம் மங்கிய முகப் படங்களுக்குக் காலை ஏழு மணியும் மாலை ஐந்தரை மணியும் போதும்.

இருள் சூழ்ந்த பிறகு இதன் வயது தெரிகிறது. ஐஎஸ்ஓ 1600 வரை மனம் கோணாமல் எடுக்கலாம். 3200 இல் நிழல்களில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் எழுகின்றன. நல்லூர்த் திருவிழாக் காலத்து இரவுகளில் வெளிவீதியில் எடுத்த என் படங்களுள், கற்பூரச் சட்டிக்கு அருகே நின்றவர்களின் முகங்கள் மட்டுமே தேறின. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்த விலைக்கு வாங்கக்கூடிய எதுவும் அந்த இரவில் பெரிதாக மேலோங்கியிருக்காது என்பதே என் எண்ணம்.

பராமரிப்புச் செலவு சிறியது, ஆனால் தவிர்க்க முடியாதது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் போதும். அரிசிக்குள் வைக்கச் சொல்லும் அறிவுரை இங்கு வீட்டுக்கு வீடு கிடைக்கிறது. அரிசியில் இருக்கும் தவிட்டுத் தூசு கமராவுக்குள் போனால் அதை யார் எடுப்பது? நெடுந்தீவுப் படகில் போய் வந்தால் அன்றிரவே சற்று ஈரமான துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்துவிட வேண்டும். இந்தக் கமராவுக்கு நீர்காப்பு இல்லை. மெமறி கார்ட் 32 ஜிகாபைற்றுக்கு மேற்பட்டது வேண்டாம். அதைவிடப் பெரிய அட்டைகளின் வகையை இது ஏற்பதில்லை.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்கு இதைக் கொண்டுபோனபோதுதான் 50 மில்லிமீற்றரின் எல்லை புரிந்தது. கடற்கரையில் நூல் பிடிப்போரின் முகங்கள் அழகாக வந்தன. வானத்தில் நின்ற பட்டங்களோ கடுகளவுதான். கமராவை விற்ற அதே மனிதரிடம், தூரத்தில் உள்ளதைக் கிட்டக் காட்டும் 80-200 எஃப் 2.8டி வில்லை ஒன்று இருக்கிறது. ஒன்றே கால் கிலோவுக்கு மேல் பாரம், ஆனால் டி90 இன் மோட்டாரோடு இயங்கும். இரண்டு தடவை போய் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தேன். ஓரத்தில் தெரிவது இழையா கீறலா என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.