திருச்சியில் இறங்கும்போது காவிரி எந்தப் பக்கம்?

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பறக்கிற நம் டெல்டா ஆட்கள் பலர் ஜன்னல் சீட் கிடைத்தாலே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். இடமா வலமா என்பதுதான் பெரிய விஷயம். பக்கம் மாறிப்போனால் கடைசிப் பத்து நிமிடமும் புதுக்கோட்டைத் திசைப் பொட்டலைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டியதுதான். ஆறு எதிர்ப்பக்க ஜன்னல்காரருக்குப் போய்விடும்.

விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. மலைக்கோட்டை, காவிரி, ஸ்ரீரங்கம், கொள்ளிடம் எல்லாம் அதற்கு வடக்கே. ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் கூடியவரை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆகவே எந்தப் பக்கம் என்பதைக் காற்றுதான் முடிவுசெய்கிறது.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது பெரும்பாலும் கிழக்கே போய்த் திரும்பி, மேற்கு பார்த்து இறங்குவார்கள். வடக்கு வலப்பக்கம் வரும். வடக்கிலிருந்து வருகிற விமானம் ஓடுபாதைக்கு நேராக வர வலப்பக்கம் சாய்ந்து திரும்பும்போது, அந்த ஜன்னல் அப்படியே தரையைக் காட்டும். ஓடுபாதைக்குக் கிழக்கே 12 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 2,000 அடி உயரத்தில், வலப்பக்கம் கல்லணை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிற இடம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, மேற்கே மழையும் நன்றாகப் பெய்த வருடமென்றால் ஆடியில் இந்தக் காட்சிக்கு ஈடே கிடையாது. டெல்டா எங்கே தொடங்குகிறது, ஏன் அங்கே தொடங்குகிறது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

வாடைக்காலத்தில் நிலைமை தலைகீழ். காற்று கிழக்கிலிருந்து வரும். மேற்கே முக்கொம்புத் திசையிலிருந்து கிழக்கு பார்த்து இறங்குவார்கள். அப்போது இடப்பக்கம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு ஜன்னலில் கண் கூசாது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஸ்ரீரங்கத் தீவும், 236 அடி ராஜகோபுரமும் தெளிவாகத் தெரியும். விடியற்காலை மட்டும் வேண்டாம், பனிமூட்டம் மூடிவிடும்.

இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு ஆடி மாத வலப்பக்கத்துக்கே. வழியெல்லாம் கிழக்கே இடப்பக்கம் கடற்கரையும் டெல்டாவும் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறதுதான், ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து தூரத்துப் பச்சையாக மட்டுமே தெரியும். தாழப் பறக்கிற அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் மதிப்பு.

விமானமும் முக்கியம். விசிறி வைத்த சிறிய ஏடிஆர் விமானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்: இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது, ஜெட்டைவிடத் தாழவும் பறக்கும். விசிறிக்கு நேரான வரிசைகளை மட்டும் தவிர்த்துப் பின்பக்கம் உட்காருங்கள். ஏ320 போன்ற ஜெட்டில் இறக்கை கீழே இருப்பதால் நடு வரிசைகள் வீண். இறக்கைக்குப் பின்னால் எஞ்சின் வெப்பக்காற்றில் காட்சி நெளியும், படம் எடுப்பவர்களுக்கு அது பெரிய தொல்லை. முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கேட்டாலும் கொடுக்கலாம். ஜெட்டில் இடது ஜன்னல் ஏ, வலது ஜன்னல் எஃப்.

திருச்சியிலிருந்து பகலில் சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நேர்கோட்டில் போனால் வேதாரண்யம் பக்கம்தான் கடலைத் தொட வேண்டும். இடப்பக்கம் தஞ்சாவூர், திருவாரூர் வயல்கள். வலப்பக்கம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரையும். தை அறுவடைக்கு முன்னால் போனால் இடப்பக்கம், சம்பா நின்றுகொண்டிருக்கும். கோடையில் வயல் காய்ந்து கிடக்கும், அப்போது எஃப் எடுங்கள்.