நாலு வருஷ வீட்டுச் சோப்பு, தீராத ஒரே ஒரு பிசுபிசுப்பு

போன வாரம் தோழி கேட்டாள்: "காஸ்டிக் சோடா வாங்கிட்டேன், நீ போடுற அதே கணக்குல நானும் சோப்பு போடட்டுமாடி?" கணக்கை உடனே அனுப்பிவிட்டேன். தேங்காய் எண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 250, விளக்கெண்ணெய் 50, எண்ணெயைச் சோப்பாக்குகிற காஸ்டிக் 160, தண்ணீர் 320. காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரை அதன் தலையில் ஊற்றக் கூடாது, அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது என்பதெல்லாம் அவளுக்கே தெரியும். சொல்லாமல் விட்டது இந்த மழைக்காலத் தொல்லையைத்தான்.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் சோப்பு காயாது. நாலிலிருந்து ஆறு வாரம் காய வேண்டிய கட்டிகளை மூங்கில் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி வைத்துவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால், ஒவ்வொன்றின் மேலும் முத்து முத்தாக வியர்த்திருக்கும். தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். எல்லாம், எண்ணெய் சோப்பாக மாறும்போது கூடவே உண்டாகிற கிளிசரின் செய்கிற வேலை. கடைச் சோப்பில் பெரும்பாலும் அதைப் பிரித்தெடுத்துவிடுகிறார்கள், நம்முடையதில் முழுசாக உள்ளேயே தங்கிக் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுக்கிறது. நியூஸ் பேப்பர் விரித்தேன், அச்செழுத்து சோப்பில் ஏறிவிட்டது. ராத்திரி முழுக்க ஃபேன் போட்டேன். தண்ணீரை 240 கிராமாகக் குறைத்தேன், கலவை அச்சில் ஊற்றுவதற்குள் இறுகி உள்ளே ஓட்டை ஓட்டையாக நின்றது. காஸ்டிக் கரைசலில் ரெண்டு ஸ்பூன் கல்லுப்பு சேர்த்ததுதான் கொஞ்சம் கைகொடுத்தது, ஆனால் வெட்டக் கொஞ்சம் தாமதமானாலும் ஓரம் பொரிந்து உதிர்கிறது.

பங்குனியில் போட்ட கட்டி ஒரு மாதம் வருகிறது. கார்த்திகையில் போட்டது பன்னிரண்டே நாளில் சோப்பு டப்பாவில் கூழாகக் கிடக்கிறது. எனக்கு அப்படி ஆத்திரம் வருகிறது.

நியாயமும் பேச வேண்டும் இல்லையா. எங்கள் வீட்டில் போர் தண்ணீர். பல கடைச் சோப்புகள் அதில் நுரைக்காமல் திரிந்துதான் போகும். இந்தச் சோப்பு அதே தண்ணீரில் உள்ளங்கை நிறைய நுரைக்கிறது, தேங்காய் எண்ணெயில் இருக்கிற லாரிக் அமிலத்தின் குணம் அது. (வாளி ஓரத்தில் வெள்ளைப் படலம் இதிலும் படியும், அதை மறைக்க மாட்டேன்.) முதல் தடவை அந்த நுரையைப் பார்த்த அப்பா குளித்து முடித்து வந்து, "இதை யார் பண்ணினது?" என்று ரெண்டு முறை கேட்டார். நாலு வருஷமாக வேறு சோப்பை அவர் தொடவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் முடிவைக் கேட்டால், கடலோர ஊரில் காற்றோட்டம் இல்லாத ஃபிளாட்டில் இருப்பவர்கள் இதில் இறங்கவே வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். காலையில்கூடப் பதினெட்டு கட்டிகளைத் துணியால் ஒத்தி எடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தோழிக்கும் அதையேதான் சொன்னேன். கேட்க மாட்டாள் என்று தெரியும். அதனால் இன்னொன்றும் சொன்னேன்: தை வரைக்கும் பொறு, அதுவரை அந்தக் காஸ்டிக்கைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கி மூடி வை. அதுவும் ஈரத்தை இழுக்கும். அப்புறம் தராசில் நீ பார்க்கிற 160 கிராமில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கும், எண்ணெயில் ஒரு பகுதி சோப்பாக மாறாமல் அப்படியே நிற்கும்.