பாண்டி சண்டே மார்க்கெட் ரெக்கார்டு கடை: போட்டுக் கேட்டுட்டு வாங்கலாம்

பாண்டில ஞாயித்துக்கிழமை காந்தி வீதி பூரா சண்டே மார்க்கெட் போடுவாங்கல்ல, சட்டை, செருப்பு, பாத்திரம்னு நடக்கவே இடம் இருக்காது, அந்தக் கூட்டத்துக்குள்ள பழைய புஸ்தகம் போடுறவங்கள தாண்டிப் போனா ஒரு அண்ணன் தார்ப்பாய் விரிச்சு பழைய கிராமபோன் ரெக்கார்டு வச்சிருப்பாரு. போர்டு கிடையாது, கடைக்குப் பேரும் கிடையாது. நான் கடலூர்லேர்ந்து பஸ் ஏறி ரெண்டு வருஷமா போயிட்டிருக்கேன், மாசத்துல ரெண்டு ஞாயிறாவது போயிடுவேன். இவ்ளோ நாளா இவரப் பத்தி எழுதாம இருந்துட்டேன்.

முதல்ல முக்கியமான விஷயம். இவரு போட்டுக் காட்டிட்டுத்தான் விப்பாரு. சூட்கேஸ் மாதிரி மூடுற பழைய பிளேயர் ஒண்ண பேட்டரில ஓடுற மாதிரி மாத்தி வச்சிருக்காரு, ரோட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுன்னு ஒரு ஹெட்போனும் சேர்த்து வச்சிருக்காரு. நம்ம கேக்காமலே தட்ட கையில எடுத்து வெயில்ல சாய்ச்சுப் பார்ப்பாரு, பளபளன்னு கருப்பா இருந்தா சரி, சாம்பல் பூத்த மாதிரி இருந்தா மொண்ண ஊசி போட்டு தேய்ச்சிருக்காங்கன்னு அர்த்தம். அப்புறம் ஊசிய மூணு இடத்துல வைப்பாரு, ஆரம்பத்துல, நடுவுல, கடைசில. கடைசி பாட்டுதான் முக்கியம் தம்பி, உள்வட்டத்துல காடியோட (ஊசி ஓடற பள்ளம்) வளைவெல்லாம் நெருக்கமா போகும், தேய்மானம் இருந்தா அங்கதான் குரல் கரகரக்கும்பாரு. நானும் இத்தன வருஷமா ரெக்கார்டு கேக்கறேன், இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்ல.

இத ஏன் இவ்ளோ பெருசா சொல்றேன்னா நான் அடிபட்டிருக்கேன். ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட 1800 ரூபா குடுத்து ஒரு எல்.பி., அதான் பெரிய தட்டு, வாங்கினேன், போட்டோல அட்டை புதுசு மாதிரி இருந்துச்சு, வீட்டுக்கு வந்து போட்டா சுசீலாம்மா குரல் தகரத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. திருப்பி அனுப்பறேன்னேன், பதிலே இல்ல. அந்த வலி தெரிஞ்சவங்களுக்கு இந்த அண்ணனோட மூணு இடத்து ஊசியோட அருமை புரியும்.

எங்கப்பா கடலூர் ஓ.டி.ல (ஓல்டு டவுன்) மைக் செட் வச்சிருந்தாரு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு, எல்லாத்துக்கும் அப்பாவோட குழாய் ஸ்பீக்கர்தான் போகும். எங்க வீட்ல ரெக்கார்டுன்னு சொல்ல மாட்டோம், பிளேட்டுன்னுதான் சொல்லுவோம். விடிகாலை முதல் பிளேட்டு சீர்காழி கோவிந்தராஜனோட விநாயகர் பாட்டு, அது போடாம அப்பா வேற எதையும் தொட மாட்டாரு. பொண்ணு மணவறைக்கு வர்றப்ப எல்.ஆர். ஈஸ்வரியம்மாவோட பாசமலர் பாட்டு, அது இல்லாத கல்யாணமே அந்தக் காலத்துல கிடையாது. சீர்காழி 1988-ல போனப்ப எனக்கு விவரம் தெரியாத வயசு, ஆனா அப்பா ஒரு வாரம் அந்த ஒரு பிளேட்டையே போட்டாருன்னு அம்மா சொல்லுவாங்க. நான் இந்த அண்ணன்கிட்ட முதல்ல வாங்கினது அதே சீர்காழி பக்திப் பாட்டு இ.பி.தான் (சின்னத் தட்டு), 150 ரூபா. ஹெட்போன்ல அந்தக் குரல் எடுத்ததும் மார்க்கெட், கூட்டம், ஹாரன் எல்லாம் போயிடுச்சு, எங்க வீட்டுத் திண்ணையில பொழுது விடியற மாதிரி இருந்துச்சு.

2013 எங்க வீட்ல மறக்க முடியாத வருஷம். ஏப்ரல் 14, தமிழ் வருஷப் பொறப்பு, அன்னிக்கு பாடகர் பி.பி. ஸ்ரீனிவாஸ் போயிட்டாருன்னு டிவில வருது. மூணு நாள் கழிச்சு 17-ந்தேதி இசையமைப்பாளர் டி.கே. ராமமூர்த்தி. சரி இதோட போச்சுன்னு நெனச்சா மே 25 டி.எம்.எஸ். ஆறு வாரத்துக்குள்ள மூணு பேரு. டி.எம்.எஸ். போன அன்னிக்கு அப்பா சாப்பிடல, பெட்டிய தொறந்து பிளேட்டுகள எல்லாம் வெளிய எடுத்து ஒண்ணொண்ணா தொடச்சாரு, எதையும் போடல, தொடச்சு தொடச்சு உள்ள வச்சாரு. சின்ன வயசுல அப்பா எனக்கு ஒரு பரீட்சை வைப்பாரு, லேபில மறைச்சுட்டு டி.எம்.எஸ். பாட்டப் போட்டு இது சிவாஜிக்கா எம்.ஜி.ஆருக்கான்னு கேப்பாரு. படம் பாக்காமலே சொல்லிடலாம், சிவாஜின்னா தொண்டைக்குள்ளேர்ந்து கனமா வரும், எம்.ஜி.ஆர்.னா கொஞ்சம் மூக்குல ஏறி நிமிர்ந்து வரும். ஒரே மனுஷன். சிவாஜி விழுப்புரத்துல பொறந்தவரு, அப்பல்லாம் விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு ஜில்லாதான், அதனால அவரு எங்கப்பாவுக்கு நம்ம ஜில்லாக்காரரு.

இன்னொரு பாடமும் உண்டு. தட்டுல இசைன்னு விஸ்வநாதன் ராமமூர்த்தி ரெண்டு பேரு பேரும் சேர்ந்து போட்டிருந்தா 65-க்குள்ள வந்த படம், விஸ்வநாதன்னு தனியா இருந்தா பிரிஞ்சதுக்கு அப்புறம். இத நான் அந்த அண்ணன்கிட்ட சொன்னப்ப அவரு சிரிச்சுட்டு, 95-ல ஒரு படத்துக்கு திரும்ப சேர்ந்தாங்களே அத மறந்துட்டியேன்னாரு. அன்னிலேர்ந்துதான் எங்களுக்குள்ள வியாபாரத்த தாண்டி பேச்சு வந்துச்சு.

அவருகிட்ட பாட்டு மட்டும் இல்ல, கதை வசன ரெக்கார்டும் வரும். போன பொங்கலுக்கு முந்தின வாரம் திருவிளையாடல் வசன எல்.பி. 700 ரூபாய்க்கு எடுத்தேன். 1965-ல வந்த படம். இத திருவிழால ராத்திரி பத்து மணிக்கு மேல அப்பா போடுவாரு, தருமி புலம்ப ஆரம்பிச்சா ஊரே கூட சேர்ந்து வசனம் சொல்லும், படம் பாக்காத கிழவிங்க கூட சொல்லுவாங்க. வீட்ல போட்டுட்டு அட்டையப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். ஹேமநாத பாகவதரா வந்த பாலையா 72-ல போயிட்டாரு. நக்கீரரா நடிச்சு படத்தையும் எடுத்த ஏ.பி. நாகராஜன் 77. பாணபத்திரரா வந்த டி.ஆர். மகாலிங்கம் 78. அவ்வையா வந்த கே.பி. சுந்தராம்பாள் 80. பார்வதியா வந்த சாவித்திரி 81. இசை போட்ட கே.வி. மகாதேவனும் சிவாஜியும் ஒரே வருஷம், 2001. தருமியா வந்த நாகேஷ் 2009. பாலையாவுக்காக ஒரு நாள் போதுமான்னு பாடின பாலமுரளிகிருஷ்ணா 2016. இத்தன பேருல ஒருத்தரும் இப்ப இல்ல, ஆனா ஊசிய வச்சா அத்தன பேரும் சண்ட போடுறாங்க, பாடுறாங்க, சிரிக்க வைக்கிறாங்க. யூடியூப்லயும் இதெல்லாம் இருக்குன்னு என் பொண்ணு சொல்லுது, இருக்குதான், ஆனா அதுல நடுவுல வெளம்பரம் வந்து நக்கீரரையே நிறுத்திடுது.

78 தட்டு, அதான் நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற பழைய தட்டு, அத பத்தி தனியா சொல்லணும். இது அரக்குல செஞ்சது, கனமா இருக்கும், கீழ விழுந்தா பீங்கான் மாதிரி ஒடஞ்சிடும், ஒரு பக்கத்துக்கு மூணு மூணரை நிமிஷம்தான். காடி அகலமா இருக்கறதால எல்.பி. ஊசிய இதுல போடக்கூடாது, அண்ணனோட பிளேயர்ல ஊசியத் திருப்பிப் போட்டுக்கலாம், ஒரு பக்கம் 78-க்கு, இன்னொரு பக்கம் எல்.பி.க்கு. அவரு எல்லாருகிட்டயும் சொல்றது ஒண்ணு உண்டு, எல்.பி.ய தொடைக்கற ஸ்பிரிட்ட 78-ல படவே விடாதீங்க, அரக்கு கரைஞ்சு பாட்டோட போயிடும், சோப்புத் தண்ணி லேசா தொட்டு தொடைச்சா போதும்னு. இது தெரியாம எத்தன தட்டு போயிருக்கும். வாங்கினா எடுத்துட்டுப் போக துண்டு கொண்டு போங்க, நான் முதல் தடவ பையில போட்டு சீட்டுக்கு அடியில வச்சு, கிருமாம்பாக்கம் தாண்டுறதுக்குள்ள ஒண்ணு ரெண்டாயிடுச்சு. இப்ப மடிமேலயே வச்சுட்டு வர்றேன்.

ஒரு நாள் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடின தட்டு ஒண்ணு வந்திருந்துச்சு. 2500 சொன்னாரு, என்னால முடியல. வாங்க முடியாதுன்னு தெரிஞ்சும் உக்காந்து முழுசா கேளு தம்பின்னு போட்டுவிட்டாரு. கிட்டப்பா 1933-ல 27 வயசுல போயிட்டாரு, அதுக்கப்புறம் அவரு மனைவி கே.பி. சுந்தராம்பாள் வெள்ளைப் புடவையோட வாழ்ந்தாங்க. அந்தக் குரல் எங்கயோ மேல போயி நிக்குது, மைக் செட் எல்லாம் வராத நாடகக் கொட்டகையில கடைசி வரிசைக்கும் கேக்கப் பாடின குரல். இரைச்சல் நெறைய இருந்துச்சு, ஆனா ரெண்டு நிமிஷத்துல காது பழகிடுது, இரைச்சல் பின்னாடி போயிடுது. மூணு நிமிஷம் முடிஞ்சதும் அண்ணனும் நானும் ஒண்ணும் பேசிக்கல.

குறைன்னா இருக்கு, மறைக்க மாட்டேன். மேல நிழலுக்கு ஒரு துணிதான், பதினோரு மணிக்கு மேல வெயில் ஏறினா எல்.பி. எல்லாம் சூடாயிடும், வளைஞ்ச தட்டு நாலஞ்சு பாத்திருக்கேன், அதனால 9 மணிக்குள்ள போயிடுங்க. அட்டைக்கும் உள்ள இருக்கற தட்டுக்கும் சம்பந்தம் இருக்காது சில சமயம், எடுத்துப் பாக்காம காசு குடுக்காதீங்க. இளையராஜா எல்.பி. விலை கேட்டா தலை சுத்துது, 1500, 2000-ன்னு போகுது, வெளியூர்லேர்ந்து வந்து அள்ளிட்டுப் போறவங்களால ஏறினதுன்னு சொல்றாரு, சரியா இருக்கலாம், ஆனா நம்மள மாதிரி ஆளுக்கு கட்டாது. பில் கிடையாது, ஜிபே உண்டு. மழைக்காலத்துல நம்பி வராதீங்க.

ஆனா ஒரு விஷயத்துக்காக இவர நான் விட மாட்டேன். ஒயிட் டவுன் பக்கம் சில காபிக்கடைல செவுத்துல ரெக்கார்ட ஆணி அடிச்சு மாட்டறாங்க, நடுவுல ஓட்ட போட்டு கடிகாரம் பண்றாங்க. ஒருத்தர் வந்து அழகுக்கு 40 தட்டு வேணும், எதா இருந்தாலும் சரின்னாரு. அண்ணன் ஒடஞ்சது, கீறினது எல்லாம் ஒரு கட்டு கட்டிக் குடுத்துட்டு, ஓடுற தட்டுக்கு ரெட்டிப்பு காசு தர்றேன்னவரு கிட்ட அது பாடுது சார், குடுக்க முடியாதுன்னுட்டாரு. நான் பக்கத்துல நின்னு கேட்டேன்.

அப்பாவோட பெட்டி என்னாச்சுன்னு கேப்பீங்க. 2015 மழையில கெடிலம் தண்ணி வீட்டுக்குள்ள இடுப்பளவு வந்துச்சு. மூணு நாள் கழிச்சு பெட்டியத் தொறந்தா அட்டையெல்லாம் கூழு, லேபில் கரைஞ்சு போயி எல்லாம் சேறு. அப்பாவால அத பாக்க முடியல, தூக்கிப் போட்டுருடான்னாரு, குப்பை வண்டில ஏத்தினது நான்தான். அப்பா 2018-ல போயிட்டாரு. போன வருஷம் பேச்சுவாக்குல அண்ணன்கிட்ட இத சொன்னேன், அவரு ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் மெதுவா சொன்னாரு, எல்.பி., இ.பி. எல்லாம் பிளாஸ்டிக் தம்பி, தண்ணி அத ஒண்ணும் பண்ணாது, அட்டையும் லேபிலும்தான் போகும், நல்ல தண்ணில கழுவி நிழல்ல நிறுத்தி வச்சிருந்தா பாடியிருக்கும்னு. அன்னிக்கு நான் எதுவும் வாங்கல, நேரா பஸ் ஸ்டாண்டு வந்துட்டேன். உங்க வீட்ல நனைஞ்ச தட்டு இருந்தா தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க.

ரெண்டு வாரம் முன்னாடி போனப்ப எனக்குன்னு ஒரு இ.பி. எடுத்து வச்சிருந்தாரு. லேபிலே இல்ல, நடுவுல வெறும் வெள்ளையா திட்டுத் திட்டா இருக்கு, பழைய பேப்பர்காரர்கிட்ட வந்த சேத்துத் தட்டாம், கழுவி வச்சிருக்காரு. ஹெட்போன மாட்டிவிட்டாரு. பாடகர் ஏ.எம். ராஜா. கல்யாண பரிசு பாட்டு, 59-ல வந்த படம், அவரே இசை போட்டது, பாட்டெழுதின பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அதே வருஷம் 29 வயசுல போயிட்டாரு, ராஜா 89-ல ரயில்ல அடிபட்டுப் போனாரு. எங்கம்மாவுக்கு ராஜான்னா உயிரு, கல்யாணமான புதுசுல அப்பா அம்மாவுக்காகவே தனியா எடுத்து வச்சிருந்த பிளேட்டு அது. எவ்ளோண்ணேன்னு கேட்டேன், லேபில் இல்லாததுக்கு என்ன விலை, 50 குடுன்னாரு.

வீட்டுக்கு வந்து போட்டேன். அம்மா அடுப்படிலேர்ந்து கரண்டியோட வந்து நின்னாங்க. பாட்டு முடியற வரைக்கும் நின்னுட்டு, இது நம்ம பிளேட்டாடான்னு கேட்டாங்க. தெரியலம்மான்னேன். கைய முந்தானையில தொடச்சுட்டு தட்ட வாங்கி வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாங்க, அப்பா பாப்பாருல்ல, அதே மாதிரி. அப்புறம் ஒரு பால்பாயிண்ட் பேனா வாங்கி வெள்ளை உறையில அவங்க கையெழுத்துல ராஜான்னு எழுதி, அப்பா போட்டோவுக்குக் கீழ இருக்கற அலமாரில நிமிர்த்தி வச்சாங்க.